தீவனத் திட்டுக்கு எந்த விதைப்புக் கருவி? விதையிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

மானும் முயலும் காடையும் கவுதாரியும் வந்து மேய்ந்து போகட்டும் என்று ஒரு துண்டு நிலத்தில் பயிர் வைக்கிறோம். அதில் நமக்கு அறுவடை கிடையாது. இப்படிப்பட்ட நிலத்தைத்தான் இங்கே தீவனத் திட்டு என்று சொல்கிறேன். பெரும்பாலும் அது காட்டோரத்தில் கால் ஏக்கரிலிருந்து இரண்டு மூன்று ஏக்கர் வரை இருக்கும். பெரிய டிராக்டர் திரும்ப இடம் இருக்காது. சில இடங்களுக்கு வண்டிப்பாதையே இருக்காது. அதனால் வழக்கமான விவசாயக் கருவி ஆலோசனைகளில் பாதிதான் இங்கே பொருந்தும்.

"எந்த மெஷின் நல்லது?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது இதுதான்: என்ன விதைக்கப் போகிறீர்கள், அந்த விதை எவ்வளவு ஆழத்தில் விழ வேண்டும்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் தேவையில்லாத கருவிகள் தாமாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

இதை நான் கற்றது குளோவர் என்னும் மூவிலைத் தீவனப் பயிர் வைத்த ஒரு திட்டில். விதையைத் தூவிவிட்டு, மூட வேண்டுமே என்று சட்டிப் பலுகை (வட்டத் தட்டுகளால் மண்ணை வெட்டிக் கிளறும் டிஸ்க் ஹாரோ) மேலே ஓட்டினேன். மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் திட்டு முழுக்க வெறும் மண். கடைசியாக வண்டி வெளியே வந்த டயர்த் தடம் இரண்டில் மட்டும் பச்சை அடர்ந்து நின்றது. மற்ற இடங்களில் விதை ஆழமாகப் புதைந்துவிட்டது. டயர் அழுத்திய இடத்தில் மட்டும் மண்ணும் விதையும் ஒட்டி நின்றன. அந்த இரண்டு பச்சைக் கோடுகளைத்தான் இன்றும் கருவி பற்றிப் பேசும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

படி 1: நிலத்தை நடந்து அளந்து வாருங்கள்

முதலில் சட்டம். காட்டுயிர்களுக்காகப் பயிர் வைப்பது, அந்தப் பயிர் பக்கத்தில் வேட்டையாடுவது, காட்டோரத்தில் நிலத்தைத் திருத்துவது எல்லாவற்றுக்கும் இடத்துக்கு இடம் விதி மாறும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்றவை.

அப்புறம் ஒரு அளவு நாடாவோடு போங்கள். பாதையில் மிகக் குறுகலான இடம் எவ்வளவு அகலம்? கேட் எவ்வளவு? தாழ்ந்த கிளை எங்கே தொங்குகிறது? கருவியின் அகலம் டிராக்டரின் பின் டயர்களின் வெளி விளிம்புக்காவது எட்ட வேண்டும், இல்லையென்றால் டயர்த் தடம் உழாமல் நின்றுவிடும். அதேசமயம் அந்தக் கருவி கேட்டுக்குள்ளும் நுழைய வேண்டும். இந்த இரண்டு அளவுக்கும் இடையில்தான் நீங்கள் வாங்கக்கூடிய கருவி இருக்கிறது.

பரப்பளவைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். மரம் சூழ்ந்த வெளி எப்போதும் உண்மையான அளவில் தெரியாது. செல்பேசி வரைபடத்தில் ஓரத்தைச் சுற்றி நடந்து அளந்துகொள்ளுங்கள். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். விதை, சுண்ணாம்பு, உரம், களைக்கொல்லி எல்லாமே இந்த எண்ணை வைத்துத்தான் கணக்காகும். இதில் தவறினால் பின்னால் எல்லாம் தவறும்.

கல், வேர், சரிவு, நிழல் இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். கல்லும் வேரும் நிறைந்த மண்ணில் ரோட்டவேட்டர் கத்திகள் தாங்காது. சட்டிப் பலுகு அதன் மேல் உருண்டு ஏறிப் போய்விடும். சரிவான நிலத்தை உழுதால் முதல் பெருமழையில் மேல்மண் கீழே போகும், அங்கே உழாமல் விதைப்பதே முறை. நாள் ஒன்றுக்கு நான்கைந்து மணி நேரம்கூட வெயில் விழாத இடமென்றால் மக்காச்சோளம், சூரியகாந்தி நினைப்பையே விட்டுவிட வேண்டும்.

படி 2: விதையின் அளவும் ஆழமும்

விதைகளை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பார்த்தால் கருவித் தேர்வு பாதி முடிந்துவிடும்.

முதல் கூட்டம் நுண்விதைகள்: குளோவர், குதிரைமசால், சிக்கரி, டர்னிப் மற்றும் கடுகு இனங்கள். வெள்ளைக் குளோவரில் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 17 லட்சம் விதைகள் இருக்கும். இவ்வளவு சிறிய விதைக்குள் இருக்கும் உணவு 6 மில்லிமீட்டர் மண்ணைத் தாண்டி வரத்தான் போதும். கடுகு இனங்களுக்கு 6 முதல் 12 மில்லிமீட்டர். இவற்றுக்குத் தேவை துல்லியமாகத் தூவும் ஒரு கருவியும் அழுத்தும் ஒரு கருவியும் மட்டுமே. மூடுவதற்கென்று எதையும் ஓட்டக் கூடாது.

இரண்டாவது கூட்டம் தானியங்கள்: கோதுமை, ஓட்ஸ், ரை. ஆழம் 2.5 முதல் 4 சென்டிமீட்டர். இவை பொறுமைசாலிகள். மண்ணைக் கீறி வரிசையாக விதை போடும் டிரில்லில் போட்டால் அழகாக வரும். தூவி லேசாகக் கிளறிவிட்டாலும் வரும். மழை சரியாக வாய்த்தால் ரை மண்ணின் மேலேயே கிடந்துகூட வேர் விடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கூட்டத்தைத்தான்.

மூன்றாவது கூட்டம் பருவிதைகள்: சோயா, தட்டைப்பயறு, சூரியகாந்தி, மக்காச்சோளம். ஆழம் 2.5 முதல் 5 சென்டிமீட்டர். இவற்றைத் தூவி விட்டால் பாதியைப் பறவை பொறுக்கிவிடும், மீதி காய்ந்துவிடும். மண்ணுக்குள் செருகும் கருவி ஏதாவது ஒன்று வேண்டும். ஆனால் அந்தக் கருவியை வாங்கும் முன் ஒன்றை யோசியுங்கள். மான் அதிகமுள்ள இடத்தில் அரை ஏக்கர் சோயா விதைத்தால் இரண்டு இலை விடும்போதே மொட்டையடித்துவிடும். சிறிய திட்டில் வேலி இல்லாமல் பருவிதை வைப்பது பெரும்பாலும் வீண்தான். அப்படியானால் விதையை ஒவ்வொன்றாக எண்ணிப் போடும் அந்த விலையுயர்ந்த பிளான்டரும் உங்களுக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள். நிறம் பூசிய, பூச்சிமருந்து கலந்த விதையைத் தூவும் கருவியில் போடாதீர்கள். மேலே கிடக்கும் அந்த விதையைத் தின்னும் பறவைக்கு அது விஷம். பறவைகளுக்காகப் பயிர் வைத்துவிட்டு அவற்றையே கொல்வதை என்னால் ஏற்க முடியாது. மருந்திட்ட விதை போட்டே ஆக வேண்டுமென்றால் டிரில்லில் மட்டும் போடுங்கள். திரும்பும் இடங்களில் சிந்தியதைக் கூட்டி எடுத்துவிடுங்கள்.

படி 3: மண் பரிசோதனையும் சுண்ணாம்பும்

மண் பரிசோதனை செய்யாமல் கருவிக்குச் செலவழிப்பது தலைகீழான வேலை. குளோவருக்குக் கார அமில நிலை (pH) 6-க்கு மேல் வேண்டும். காட்டோர மண் பல இடங்களில் அதைவிடப் புளிப்பாக இருக்கும். அதைச் சரிசெய்ய ஏக்கருக்கு ஒரு டன், சில சமயம் இரண்டு டன்கூடச் சுண்ணாம்பு கேட்கும். அது வேலை செய்யப் பல மாதம் ஆகும்.

கருவிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், சுண்ணாம்புத் தூள் சாதாரணத் தூவியில் ஓடாது. கட்டி தட்டி வாயை அடைத்துக்கொள்ளும். குருணையாக்கிய சுண்ணாம்பு சுழல்தட்டுத் தூவியில் நன்றாக ஓடும், ஆனால் விலை கூடுதல். லாரியும் போகாது, டன் கணக்கில் வேண்டும் என்றால், மேலே இருந்து போடும் டிராப் வகைத் தூவியை ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது போதும். வருடா வருடம் செய்யும் வேலை இல்லை, அதற்கென்று சொந்தமாக வாங்கத் தேவையில்லை.

படி 4: களைக்கு ஒரு தெளிப்பான்

தீவனத் திட்டு தோற்பதற்குப் பெரிய காரணம் களை. உழுது புரட்டினால் களை போய்விடும் என்று நினைப்போம். பல்லாண்டுக் களைகளின் வேர்த்துண்டுகள் உழவில் பரவி இன்னும் அதிகமாக வரும், மண்ணுக்குள் தூங்கும் களை விதைகளும் வெளிச்சம் பட்டு எழுந்துவிடும்.

அரை ஏக்கர் வரை முதுகில் மாட்டும் 15 அல்லது 16 லிட்டர் தெளிப்பான் போதும். அதற்கு மேல் போனால், கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறிய நாலு சக்கர வண்டியான ஏ.டி.வி.யின் பின்னால் வைக்கும் 12 வோல்ட் பம்பும் நாசில் வரிசை பொருத்திய பூம் கம்பியும் உள்ள தெளிப்பான் நல்லது. வாங்கியதும் தண்ணீரை மட்டும் ஊற்றி அளந்து பாருங்கள். பத்துக்குப் பத்து மீட்டர் சதுரத்தை, அதாவது 100 சதுர மீட்டரை, வழக்கமான வேகத்தில் தெளியுங்கள். செலவான லிட்டரை 40-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை லிட்டர் தெளிக்கிறீர்கள் என்று வந்துவிடும். மருந்துப் புட்டியின் மேல் எழுதியிருக்கும் அளவை இந்தக் கணக்கு இல்லாமல் பின்பற்றவே முடியாது. களைக்கொல்லிக்குப் பயன்படுத்திய தெளிப்பானை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

மருந்தே வேண்டாம் என்பவர்களுக்கும் வழி உண்டு. உயரமாக வளரும் ரை பூத்து மணி பால் பிடிக்கும் பருவத்தில், கிரிம்பர் என்னும் வரிவரியான பட்டை பொருத்திய உருளையை ஓட்டித் தண்டை நசுக்கிப் படுக்க வைத்தால் அது மறுபடி எழாமல் காய்ந்து மூடாக்கு ஆகிவிடும். பருவம் முக்கியம். பூக்கும் முன் ஓட்டினால் இரண்டு நாளில் நிமிர்ந்துவிடும்.

புதர் வெட்டும் கருவி எதுவானாலும், கூடு கட்டும் பருவத்தில் வெட்டாதீர்கள். வெட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வெட்டிக்கொண்டே வாருங்கள். குஞ்சும் குட்டியும் ஓடித் தப்ப வழி இருக்கும். ஓரத்திலிருந்து உள்ளே வெட்டினால் எல்லாம் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

படி 5: உழ வேண்டுமா, வேண்டாமா

முதன்முறை திறக்கும் இறுகிய புல்தரைக்கும் ஏற்கெனவே பயிர் வைத்த நிலத்துக்கும் கருவி வேறு.

சட்டிப் பலுகில் பார்க்க வேண்டியது அகலத்தை அல்ல, ஒரு சட்டிக்கு எத்தனை கிலோ எடை விழுகிறது என்பதை. அகலமான, எடை குறைந்த பலுகு புல்தரை மேல் கீறிவிட்டுப் போகும். குறுகலான கனமான பலுகு வெட்டிக்கொண்டு இறங்கும். முன்வரிசைச் சட்டிகளில் பல் வெட்டியிருந்தால் வேரும் சருகும் அறுபடும். ஏ.டி.வி.யில் இழுக்கும் சிறிய பலுகை வாங்கிவிட்டுப் பலர் ஏமாந்து போகிறார்கள். உயிரோடு இருக்கும் புல்லில் அது வேலை செய்யாது. முன்னாலேயே மருந்தடித்துப் புல் செத்து, மழையில் மண் இளகியிருந்தால் மட்டும், மேலே பளு வைத்து நான்கைந்து தடவை ஓட்டினால் பிடிக்கும்.

ரோட்டவேட்டர் ஒரே ஓட்டத்தில் பொலபொலவென்று மண்ணைத் தந்துவிடும். அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பொலபொலப்பே நுண்விதைக்கு எமன். விதை ஆழமாக இறங்கிவிடும், காற்றோட்டம் அதிகமாகி ஈரமும் போய்விடும். ரோட்டவேட்டர் வைத்திருந்தால் அமுக்கு உருளை கட்டாயம். இரண்டையும் ஒரே செலவாக நினைத்து வாங்குங்கள்.

உழாமலேயே செய்யும் இரண்டு வழிகளையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கருவியே இல்லாதவர்களுக்கு இவை பெரிய துணை. ஒன்று, மழைக்கு முந்தின நாள், நிற்கும் களைக்குள்ளேயே விதையைத் தூவி, பிறகு களையைச் சாய்த்து அல்லது வெட்டி விதை மேல் மூடாக்காக விழவிடுவது. ரை, கோதுமை, டர்னிப், குளோவர் இதில் வரும். சோயாவும் மக்காச்சோளமும் வராது. இன்னொன்று குளிர்ப் பிரதேசங்களுக்கானது. குளிர்காலக் கடைசியில் மண் இரவில் உறைந்து பகலில் இளகும் நாட்களில் குளோவரை வெறுமனே தூவிவிடுவது. உறைந்து இளகும்போது மண் வெடித்து விதையைத் தானே உள்ளே வாங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் தேவை கழுத்தில் மாட்டும் ஒரு கைத்தூவி மட்டும்தான்.

படி 6: அமுக்கு உருளை, எல்லோரும் மறந்துவிடும் கருவி

ஒரே ஒரு கருவிக்குத்தான் கையில் பணம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், தயங்காமல் உருளையை வாங்கச் சொல்வேன். விதை முளைக்க ஈரம் வேண்டும். ஈரம் மண்துகளிலிருந்து விதைக்கு வர இரண்டும் ஒட்டியிருக்க வேண்டும். நடுவில் காற்றிடைவெளி இருந்தால் மழை பெய்த மறுநாளே விதை காய்ந்துவிடும்.

உழுத நிலத்தில் விதைக்கும் முன் ஒரு முறை, விதைத்த பின் ஒரு முறை என இரண்டு ஓட்டம். முதல் ஓட்டம் படுக்கையை இறுக்கும். சோதனை எளிது: மேலே நடந்து பாருங்கள். செருப்புக் குதி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் புதைந்தால் மண் இன்னும் இளக்கம், மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டம் விதையை அழுத்திப் பதிக்கும்.

வார்ப்பிரும்பு வளையங்களைக் கோர்த்துச் செய்த மேடு பள்ள உருளைதான் சிறந்தது. அதன் முதல் ஓட்டம் சிறு வாய்க்கால்களை விடும், தூவிய விதை பெரும்பாலும் அதற்குள் உருளும், இரண்டாவது ஓட்டம் அந்த மேட்டை உடைத்து மெல்லிய மண்போர்வை போர்த்திவிடும். கட்டிகளும் உடையும். தண்ணீர் நிரப்பும் வழவழப்பான பிளாஸ்டிக் உருளை விலை குறைவு. சமதளமான சிறு திட்டுக்குப் போதும், ஆனால் பள்ளமான இடங்களைத் தாண்டிக் குதித்துவிடும். உருளையும் இல்லையென்றால்? ஏ.டி.வி. டயரையே தடம் தடமாக நெருக்கி ஓட்டுங்கள். அந்த இரண்டு பச்சைக் கோடுகள் எனக்குச் சொன்னது அதைத்தான்.

களிமண் ஈரமாக இருக்கும்போது மட்டும் உருளையைத் தொடாதீர்கள். மண் உருளையில் ஒட்டி விதையோடு சேர்ந்து எழும்பி வரும், மேலே ஓடு கட்டிக்கொள்ளும்.

படி 7: தூவும் கருவி

கைப்பிடியைச் சுழற்றித் தூவும் தோள்பை வகை ஒரு ஏக்கர் வரை தாராளமாகப் போதும். நான் இன்றும் நுண்விதைக்கு அதைத்தான் எடுக்கிறேன். ஏ.டி.வி.யில் பொருத்தும் மின்தூவி மூன்று நான்கு ஏக்கருக்கு நல்லது. ஆனால் பல மாதிரிகள் உரத்துக்காகச் செய்யப்பட்டவை, கதவைச் சிறிதளவு திறந்தாலே குளோவர் கொட்டிவிடும். வாங்கும் முன் அடியில் இருக்கும் கதவை மிகக் குறைந்த திறப்பில் வைத்துப் பாருங்கள். நுண்விதைக்கென்று தனித் தகடு உண்டா என்றும் கேளுங்கள்.

கலப்பு விதையை ஒரே தடவையில் தூவாதீர்கள். சுழல்தட்டிலிருந்து கனமான ஓட்ஸ் தூரம் போகும், குளோவர் பக்கத்திலேயே விழும். போதாததற்கு வண்டி குலுங்கும்போது நுண்விதை அடிக்கு இறங்கி முதலிலேயே தீர்ந்துவிடும். பருத்த விதையை முதலில் தூவிப் பலுகில் லேசாகக் கிளறி, உருளை ஓட்டி, பிறகு நுண்விதையைத் தனியாகத் தூவி மறுபடி உருளை. இதுதான் வரிசை.

அளவு பார்க்கும் முறையை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். வெள்ளைக் குளோவர் ஏக்கருக்கு 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 சதுர மீட்டருக்கு 74 கிராம் வரும். கருவி எவ்வளவு அகலத்துக்கு வீசுகிறது என்று தார்ப்பாய் விரித்துப் பாருங்கள். 4 மீட்டர் என்றால் 25 மீட்டர் நடந்தால் 100 சதுர மீட்டர். பையில் அளந்து போட்டு, 25 மீட்டர் நடந்து, மிச்சத்தை எடை போடுங்கள். 74 கிராமுக்கு மேல் போயிருந்தால் கதவைக் குறையுங்கள். அப்படியும் கூடுதலாகப் போனால் விதையோடு காய்ந்த மணலைக் கலந்துகொள்ளலாம்.

நிலத்தில் தூவும்போது கதவைப் பாதி அளவுக்கு வைத்து ஒரு தடவை நீளவாட்டில், இன்னொரு தடவை குறுக்காக. விட்டுப்போன இடம் இருக்காது. காற்று வீசும் நாளில் நுண்விதையைத் தூவாதீர்கள், அவ்வளவுதான்.

தூவினால் டிரில்லில் போடுவதைவிட கால் பங்கிலிருந்து பாதி வரை விதை கூடுதலாகக் கேட்கும். அதற்காக மனம்போல் அள்ளி வீசக்கூடாது. 3 கிலோ குளோவர் என்பதே சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,300 விதை. அதை இரட்டிப்பாக்கினால் நாற்றுகள் தங்களுக்குள்ளேயே போட்டி போட்டுச் சோரும்.

படி 8: டிரில்லும் பிளான்டரும்

உழாமல் விதைக்கும் டிரில் அருமையான கருவி. முன்னால் ஒரு தட்டு சருகையும் மண்ணையும் கீறும், அடுத்து சாய்வாக இணைந்த இரட்டைத் தட்டு அந்தக் கீறலை விரிக்கும், குழாய் வழியே விதை விழும், பின்னால் வரும் அழுத்துச் சக்கரம் மூடும். மண் புரளாது, ஈரம் போகாது, சரிவில் அரிப்பும் இல்லை. வரிசைக்கு வரிசை ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் இருப்பது வழக்கம்.

தேர்ந்தெடுக்கும்போது முதலில் விதைப்பெட்டிகளைப் பாருங்கள். தானியத்துக்கு ஒரு பெட்டி, நுண்விதைக்கு ஒரு பெட்டி என இரண்டாவது இருக்க வேண்டும். நுண்விதைப் பெட்டியின் குழாய் இரட்டைத் தட்டுக்குப் பின்னால், அழுத்துச் சக்கரத்துக்கு முன்னால் விதையைப் போடும்படி இருந்தால் குளோவர் மேலாக விழும். பறவைகளின் மறைவிடத்துக்காக நாட்டுப் புல்வகைகள் விதைக்க நினைத்தால், பஞ்சு போன்ற அந்த விதைக்கு உள்ளே கிளறிவிடும் கம்பியுள்ள மூன்றாவது பெட்டி தேவைப்படும். சாதாரணப் பெட்டியில் அது பாலம் கட்டி நின்றுவிடும்.

அடுத்தது எடை. இறுகிய மண்ணில் தட்டு இறங்க எடைதான் வேலை செய்கிறது. ஆறடி அகல டிரில் ஒரு டன்னை எட்டும், தாண்டவும் செய்யும். மலிவாகவும் லேசாகவும் வரும் டிரில்கள் இளகிய மண்ணில் மட்டும்தான் பிழைக்கும்.

டிரில்லிலும் தவறு நடக்கும். மண் மிக ஈரமாக இருந்தால் கீறலின் சுவர் பூசி மெழுகியதுபோல் இறுகி, வாய் மூடாமல் நின்றுவிடும். சருகு நனைந்திருந்தால் அறுபடாமல் மடிந்து விதையோடு கீறலுக்குள் போய்விடும், விதை மண்ணைத் தொடாமல் வைக்கோலுக்குள் கிடக்கும். மண்ணில் ஈரமும் மேலே சருகு உலர்ந்தும் இருக்கும் நேரம் பாருங்கள். பனி காய்ந்த முற்பகல் பெரும்பாலும் சரியாக வரும். இருபது மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கி, கத்தியால் தோண்டி விதையைத் தேடிப் பாருங்கள். ஆழம் அமைத்தது சரியா என்று அளவுகோல் சொல்லாது, தோண்டினால்தான் தெரியும்.

அளவுக்கும் அதே 100 சதுர மீட்டர் கணக்குதான். ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர் அகலக் கருவி என்றால் 67 மீட்டர் ஓட்டம். விதைப்பெட்டியை இயக்கும் சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் இருந்தால் அந்தச் சக்கரத்தைத் தூக்கி 33 சுற்றுக்குச் சற்று மேலே சுழற்றி, குழாய்களுக்கு அடியில் விழுவதைப் பிடித்து எடை போடுங்கள். ஏக்கருக்கு 40 கிலோ ரை வேண்டுமென்றால் ஒரு கிலோவுக்கு ஒட்டி வர வேண்டும்.

பிளான்டர் வேறு வகை. விதையை ஒவ்வொன்றாக எண்ணி இடைவெளி விட்டுப் போடும். மக்காச்சோளத்துக்கும் சூரியகாந்திக்கும் அந்த இடைவெளி முக்கியம். வரிசை இடைவெளி 75 சென்டிமீட்டரும் செடிக்குச் செடி 20 சென்டிமீட்டரும் வைத்தால் ஏக்கருக்கு 27,000 செடி வரும். இரண்டு மூன்று ஏக்கருக்கு மேல் வருடா வருடம் இவற்றை வைப்பவர்களுக்கு மட்டும் இரட்டை வரிசைப் பிளான்டர் பயன். கால் ஏக்கருக்குத் தள்ளிக்கொண்டு போகும் ஒற்றைச் சக்கர விதைப்பானே போதும்.

படி 9: இழுக்கும் வண்டி

கருவியை முடிவு செய்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும், ஆனால் கையில் இருக்கும் வண்டி மாறாது என்பதும் உண்மை. லேசான பலுகு, புதர்வெட்டி போன்றவற்றுக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளலாம். ஐந்தடிக் கருவிக்கு 25. கனமான மண்ணில் ரோட்டவேட்டர் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும்.

குதிரைத்திறனைவிட அதிகமாகக் கவனிக்க வேண்டியது தூக்கும் திறன். இணைப்பு முனையிலிருந்து 61 சென்டிமீட்டர் பின்னால் எவ்வளவு தூக்கும் என்ற எண்ணைக் கேளுங்கள், கருவியின் எடை அங்கேதான் தொங்கும். டிரில்லில் விதை நிரப்பிய எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தூக்கினால் முன்சக்கரம் லேசாகிறது என்றால் முன்பளு வேண்டும், அல்லது இழுத்துச் செல்லும் வகை டிரில் வேண்டும். காட்டுச் சரிவில் முன்சக்கரம் எழும்புவது உயிர்போகும் விஷயம். கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இல்லாத டிராக்டரில் இந்த வேலையைச் செய்யாதீர்கள், சட்டகம் இருந்தால் இருக்கைப் பட்டியையும் மாட்டுங்கள். எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. துணி சிக்கினால் கையை இழுக்க நேரமே கிடைக்காது. மேலுறை உடைந்த தண்டை மாற்றாமல் ஓட்டக்கூடாது.

ஏ.டி.வி. என்றால் தாழ்ந்த கியரில் ஓட்டுங்கள். நீண்ட நேரம் மெதுவாக இழுக்கும்போது எஞ்சின் சூடேறும், இடையிடையே நிறுத்திவிடுங்கள்.

படி 10: பழைய கருவி வாங்கும்போது

உருளையும் சட்டிப் பலுகும் பழையதாக வாங்குவது நல்ல முடிவு. இரும்புதான், கெட்டுப்போக அதிகம் இல்லை. வளையத்தில் விரிசல், பேரிங்கில் ஆட்டம், சட்டி தேய்ந்து சிறுத்திருக்கிறதா என்று பாருங்கள்.

டிரில் அப்படியில்லை. இரட்டைத் தட்டுகள் முன்பக்கம் ஒன்றையொன்று தொட வேண்டும். இடையில் இரண்டு விசிட்டிங் கார்டைச் செருகினால் அவை நெருங்கி வந்து நிற்க வேண்டும், தாராளமாக நழுவிக் கீழே போனால் தட்டு தேய்ந்துவிட்டது. விதைக்குழாய் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுப் பாருங்கள், எலிக்கூடும் குளவிக்கூடும் இருக்கும். சக்கரத்தைச் சுழற்றினால் எல்லாக் குழாயிலும் ஒரே அளவு விழுகிறதா? ஒன்றிரண்டில் குறைந்தால் அளவுச் சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

வாடகைக்கோ இரவலோ எடுத்த கருவியை நிலத்துக்குள் விடும் முன் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். போன இடத்துக் களை விதை அதில் இருக்கும். ஒரு தடவை உள்ளே வந்த களையை வெளியேற்ற வருடக்கணக்கில் ஆகும்.

எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது

வண்டி போகாத கால் ஏக்கர்: முதுகுத் தெளிப்பான், இரும்புப் பல் ரேக், தோள்பைத் தூவி. தானியமும் குளோவரும் மட்டும் வையுங்கள். விதைத்த பின் கையால் இழுக்கும் புல்தரை உருளை, அதுவும் இல்லையென்றால் காலால் மிதித்தாலும் சரி.

ஏ.டி.வி. இருக்கும் ஒரு ஏக்கர்: பூம் தெளிப்பான், தூவி, உருளை, மண்ணை மேலாகக் கிளறும் சங்கிலிப் பலுகு. சட்டிப் பலுகை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அந்தப் பணத்தை உருளையில் போடுங்கள்.

25 முதல் 40 குதிரைத்திறன் டிராக்டரும் இரண்டு மூன்று ஏக்கரும்: கனமான சட்டிப் பலுகு, அதே அகல உருளை, தெளிப்பான், தூவி. டிரில் சொந்தமாக வேண்டாம். வருடத்தில் இரண்டு நாள் வேலைக்கு அது மற்ற நாளெல்லாம் கொட்டகையில் துருப்பிடிக்கும். வாடகைக்கு எடுங்கள், அல்லது பக்கத்து நிலக்காரர்களோடு சேர்ந்து ஒன்று வாங்குங்கள். கூட்டாக வாங்கினால் யார் எந்தத் தேதியில் எடுப்பது என்பதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விதைக்க ஏற்ற ஈரம் எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் வரும்.

பத்து ஏக்கரைத் தாண்டும்போது, அல்லது நிலம் முழுக்கச் சரிவாக இருக்கும்போது, இரண்டு பெட்டி உள்ள நல்ல டிரில்லுக்குக் கணக்குப் போடலாம்.

விதைத்த பிறகு

விதைத்த அன்றே திட்டின் நடுவில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கம்பிவலையை வட்டமாகச் சுற்றி ஊன்றி வையுங்கள். விலங்குகள் வாய் வைக்காத அந்த வட்டத்தில்தான் பயிர் எப்படி வந்தது என்று தெரியும். மூன்று வாரம் கழித்து வலைக்குள்ளேயும் வெளியேயும் பாருங்கள். உள்ளே அடர்த்தியாகவும் வெளியே மொட்டையாகவும் இருந்தால் கருவி சரி, திட்டுதான் அங்கே மேயும் வாய்களுக்குப் போதவில்லை. இரண்டிலும் கோடு கோடாக விட்டுவிட்டு வந்திருந்தால் தூவியின் வீச்சு அகலம் தவறு. திட்டுத் திட்டாக வந்திருந்தால் உருளை பள்ளங்களைத் தொடவில்லை. டயர்த் தடத்தில் மட்டும் பச்சை நின்றால், உருளை இன்னும் உங்கள் கைக்கு வரவில்லை என்று அர்த்தம்.